மருந்து ஊற்றாத பத்து மரம்

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் ஒருவழியாக விட்டுவிட்டது. உன் முதுகுவலி எப்படி? அத்தான் இந்த மாதமாவது துறைமுகத்திலிருந்து லீவில் வந்தாரா?

இத்துடன் வரும் பெட்டியை மாமா பிரிப்பதற்கு முன் நீ பிரித்துவிடு. உள்ளே ஒரு புட்டி, ஓர் அளவுக் குவளை, எண் அடித்த இருபது தகரத் துண்டுகள், சிவப்பு ரிப்பன், கட்டம் போட்ட தாள்கள். எல்லாம் என் ஆராய்ச்சிக்கு. எனக்கு மழையை மட்டும் நம்பி நிற்கிற இன்னொரு தோட்டம் வேண்டும். உங்கள் மேல் தோட்டத்து இருபது மா மரங்கள் அதற்கென்றே வளர்ந்த மாதிரி இருக்கின்றன.

சென்ற வருஷம் அவை கிளை ஒடியக் காய்த்தன. அதனால் இந்த வருஷம் சும்மாதான் நிற்கும், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த மருந்து ஒரு வளர்ச்சி அடக்கி. வேரில் ஊற்றினால் மரம் இலையும் கிளையுமாக ஓடுவதைக் குறைத்துக்கொண்டு பூவுக்குத் திரும்பும். வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும் என்கிறார்கள். தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இருபது சீட்டு எழுதிக் குலுக்கிப் பத்து எண்களை எடுத்திருக்கிறேன். அந்தப் பத்துக்கு மருந்து. மற்றப் பத்தும் ஒப்பீட்டு மரங்கள், அவற்றுக்கு அன்று வெறும் தண்ணீர் மட்டும். அதன் பிறகு பூக்கும் காலம் வரை இருபதுக்கும் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. ரிப்பன் கட்டிய கிளைகளில் இலைகளை எண்ணி மாதம் ஒரு தாள் அனுப்பு. போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் வீட்டு போன் கூடத்தில் இருக்கிறது, அதற்கு ஆறு காது.

எந்த மரத்தின் மேலும் இரக்கப்படாதே. அவ்வளவுதான்.

உன் புழு

ஆகஸ்ட் 17

அன்புப் புத்தகப் புழுவுக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் பழகிவிட்டன. அத்தான் வரவில்லை. கிரேன் ஓட்ட ஆள் இல்லையாம்.

உன் மருந்தை ஊற்றிவிட்டேன். தண்டைச் சுற்றி வட்டமாகக் குழி பறித்து, கிளைகள் விரிந்த குடை எத்தனை மீட்டர் அகலமோ அத்தனைக்கு அளந்து, பத்து லிட்டரில் கரைத்து. மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"என்னம்மா அது?"

"அடக்கி மாமா. ஊத்தினா மரம் அடங்கிப் பூக்குமாம்."

"அடங்கினாத்தான் எதுவும் உருப்படும்" என்றார் சந்தோஷமாக. பெண்களுக்குத்தான் இதைச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். மரத்தையும் விடவில்லையா நீங்கள், ஆராய்ச்சிக்காரர்கள்?

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். மேல் தோட்டத்தில் பழக்கூடைகள் வைக்கக் கிடங்கு கட்டும் எண்ணம் அவருக்குப் பல நாளாக உண்டு. எந்த மரத்தை எடுப்பது என்று தெரியாமல் இருந்தாராம். இப்போது உன் சோதனையே சொல்லிவிடுமாம். "தையில பாப்பேன். பூத்தது நிக்கட்டும். பூக்காததை வெட்டிடறேன். நியாயந்தானே?"

மருந்து ஊற்றாத பத்தும் பூக்க வழி உண்டா? எழுது.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆய்வகத்தில் மின்விசிறி கெட்டுப்போனதால் எல்லோரும் பாதி வெந்திருக்கிறோம். அங்கே மழை உண்டா?

நீ குழி பறித்த விதத்தை எங்கள் துறைத் தலைவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சராசரி. யார் எதைச் சொன்னாலும், "அது கிடக்கட்டும், சராசரி என்ன?" என்பார். அவரே, "உங்க அக்கா ஒழுங்கா வேலை செய்யறாங்க" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

மருந்து ஊற்றாத மரங்கள் ஓய்வு வருஷத்தில் பெரும்பாலும் பூக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கலாம். அந்த வித்தியாசத்தைக் காட்டத்தானே அவை நிற்கின்றன!

ஒரு சின்னத் திருத்தம். குடையின் அகலத்தை ஐந்து, ஆறு என்று முழு எண்ணாக எழுதியிருக்கிறாய். புள்ளிக்குப் பிறகு ஓர் எண் வேண்டும். மறுபடி அளந்து அனுப்புவாயா?

மாமா சும்மா சொல்லியிருப்பார். அவர் ஐந்து வருஷமாகத்தான் கிடங்கு கட்டுகிறார்.

உன் புழு

செப்டம்பர் 25

அன்புப் புழுவுக்கு,

எல்லோரும் சுகம். மழை இல்லை. கிணற்றில் கயிறு இன்னும் இரண்டு முழம் கீழே போகிறது.

தாள் வைத்திருக்கிறேன். 5.4, 6.1 என்று புள்ளியெல்லாம் போட்டாயிற்று. மருந்து மரங்களின் இலை கரும்பச்சையாக, தடித்து நிற்கிறது. மற்றவை வாடித் தொங்குகின்றன.

சும்மா ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய மரத்துக்கு இந்த வெயிலில் எத்தனை வாளி ஊற்றினால் இலை நிற்கும்? கீழ்த் தோட்டத்துக்காகக் கேட்கிறேன்.

அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன், திட்டாதே.

உன் கேள்வி எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இங்கே முதல் வருஷ மாணவர்கள்கூட இப்படிக் கேட்பதில்லை. ஒரு வாளி ஊற்றினால் மேல்மண்ணிலேயே ஆவியாகிவிடும். ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டு வாளி, தண்டின் அடியில் அல்ல, குடையின் ஓரம் தரையில் எங்கே விழுகிறதோ அங்கே. உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கும். மாலையில் ஊற்றினால் இன்னும் நல்லது.

அடக்கி போட்ட மரம் வேறு விதமாகச் சமாளிக்கிறது. இலையில் இருக்கும் நுண்ணிய துளைகளைச் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. குறைவாகச் செலவழித்துக் காலம் தள்ளுகிறது. படிக்கப் படிக்க அது மரமா, நம் அம்மாவா என்று சந்தேகம் வருகிறது.

கீழ்த் தோட்டம் பிழைக்கட்டும். அடுத்த தாளுக்குக் காத்திருக்கிறேன்.

உன் புழு

நவம்பர் 2

அன்புப் புழுவுக்கு,

நலம். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

உனக்கு ஒரு நல்ல செய்தி. ஒப்பீட்டு மரங்கள் தோற்றுவிடும் என்றுதானே நினைத்தாய்? ஏழும் பன்னிரண்டும் தளிர் விட்டிருக்கின்றன! செம்பு நிறத்தில், வெயில் பட்டால் பாத்திரம் தேய்த்து வைத்த மாதிரி. மூன்று, எட்டு, பதினைந்து, பத்தொன்பதிலும் நுனி சிவந்திருக்கிறது. மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இலை எதுக்கும்மா எனக்கு?" என்றார். இலை வந்தால் பூ வராமலா போகும்?

இரண்டு தளிரை மடித்து வைத்திருக்கிறேன். கசங்காமல் வந்து சேர வேண்டும்.

அக்கா

நவம்பர் 12

அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா?

தளிர் கசங்காமல் வந்தது. அதை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டு வாரமாக மழை இல்லாத மேட்டு நிலத்தில், தண்ணீர் இல்லாமல் மா மரம் தளிர் விடாது. ஆறு மட்டும் விட்டு, நான்கு விடாமலும் இருக்காது.

ஊற்றினாயா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

ஆம் என்றால் இன்றே நிறுத்து. ஒரு செம்புகூட வேண்டாம். மா மரம் பூ எடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் காய்ந்து கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் கொடுத்தால், பூவாக வேண்டிய மொட்டு இலையாகிவிடும்.

புழு

டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. கூடத்து போனில் இரண்டு முறை கூப்பிட்டேன். அத்தை எடுத்து, "தோட்டத்துல இருக்கா" என்றார். உடம்பு சரியாக இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

சராசரியிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "நல்லதாப் போச்சே" என்றார். தண்ணீர் ஊற்றியதால் ஒப்பீட்டு மரங்கள் அறவே பூக்காது, மருந்தின் வெற்றி இன்னும் பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

"உங்க அக்கா ஊத்தினது அக்காவுக்குத் தெரியும், மரத்துக்குத் தெரியும். தேர்வாளருக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதுவேன் ஐயா. அப்பத் தெரியும்."

அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. மூன்று வருஷ வேலை அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. பயமாக இருக்கிறது, ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

உன் புழு

டிசம்பர் 20

புழுவுக்கு,

ஆமாம். ஊற்றினேன்.

உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. இப்போது வருகிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் நான் எழுதியதை எடுத்துப் படித்துப் பார். பூக்காததை வெட்டப்போகிறார் என்று எழுதினேன். நீ புள்ளிக்குப் பிறகு ஓர் எண் கேட்டாய். பூக்காது என்று தெரிந்த பத்து மரத்தை, பூக்காவிட்டால் வெட்டுகிறவர் முன்னால் நிறுத்திவிட்டு, இரக்கப்படாதே என்றால் எப்படி?

பத்து வருஷமாக நான்தான் அந்த மேட்டில் ஏறி இறங்குகிறேன். நீ ஹாஸ்டலுக்குப் போன வருஷம் நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். நம் வீட்டில் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் படிப்பு என்று முடிவானபோது யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் தண்ணீர் கிடைக்காத பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்து இலை எண்ணிக்கொண்டு மட்டும் இருக்க என்னால் முடியாது.

மாமா மதியம் தூங்கும்போது துணி அலசிய தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தூக்கிப் போனேன். ஆறு மரத்துக்குத்தான் முடிந்தது. மேட்டு உச்சியில் இருக்கிற இரண்டு, பத்து, பதினாறு, இருபது ஆகிய நான்குக்கும் என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றுக்கு ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அதற்கும் அழுதேன்.

பூக்காமல் போவதற்கு நானே வழி செய்தேன் என்று உன் கடிதம் வந்துதான் தெரிந்தது. வாளிக் கணக்கை அவ்வளவு விவரமாக எழுதிய நீ, அந்த ஒரு வரியை அப்போதே எழுதியிருக்கலாம். நானும் கீழ்த் தோட்டத்துக்கு என்று பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உனக்கு அனுப்பிய தாளில் இலைகளின் எண்ணிக்கை சரிதான். தண்ணீரை மட்டும் மறைத்தேன். ஆனால் எனக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்த நாள், எந்த மரம், எத்தனை வாளி, காய்ச்சலில் ஊற்றாத இரண்டு நாள், எல்லாம் அதில் இருக்கிறது. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாளி. நோட்டையே அனுப்புகிறேன். வேண்டுமானால் வைத்துக்கொள், வேண்டாமென்றால் அடுப்பில் போடு. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அக்கா

ஜனவரி 4

என் அக்காவுக்கு,

உன் முதுகைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாளியைச் சுமந்தபோதும் ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்றே எழுதியிருக்கிறாய். நானும் அதை நம்பிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

மன்னிப்பை நான் கேட்கிறேன். ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "வழி உண்டா? எழுது" என்று முடித்திருக்கிறாய். அந்த வரியின் கீழே பென்சிலால் "அகலம், தசமம்" என்று எனக்கு நானே குறித்து வைத்திருக்கிறேன். அந்தத் தாளை யாருக்கும் காட்ட வெட்கமாக இருக்கிறது.

நோட்டை மூன்று முறை படித்தேன். என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? இரண்டு கூட்டமாக இருந்த சோதனையை மூன்றாக்கிவிட்டாய். மருந்து பத்து, தண்ணீர் ஆறு, எதுவுமே இல்லாதது நான்கு. அடக்கி போட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்ற மரமும், நீ ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டு வாளி ஊற்றிய மரமும் ஏறக்குறைய ஒரே அளவு இலையை வைத்திருந்தன. அந்த மருந்து இத்தனை வாளி தண்ணீருக்குச் சமம் என்று முதல்முறையாக என்னால் சொல்ல முடிகிறது. ஆறு மரங்களைச் சீட்டுப் போட்டு எடுக்காததையும், எல்லாம் மேட்டின் அடியில் நிற்பதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். சராசரியின் மேசையில் நோட்டை வைத்து, "இதுக்குச் சராசரி எடுங்க ஐயா" என்றேன். அரை மணி நேரம் புரட்டினார். "தேதி விடாம எழுதியிருக்காங்களே" என்றார். கையெழுத்துப் போடுவாரா என்று இன்னும் தெரியாது.

ஆறும் இந்த வருஷம் பூக்காது. அது மரத்தின் குற்றமல்ல, ஓய்வு. அடுத்த வருஷம் பூக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சோதனையை இரண்டாம் வருஷத்துக்கும் நீட்டிக்கிறேன், மரங்களைத் தொடக் கூடாது என்று பல்கலைக்கழகத் தாளில் முத்திரையோடு மாமாவுக்கு எழுதட்டுமா?

உன் புழு

பிப்ரவரி 9

அன்புப் புழுவுக்கு,

எழுதாதே. முத்திரை வந்து சேர்வதற்குள் ரம்பம் வந்துவிட்டது. மாமா விஷயத்தை மாமாவோடு நானே பேசிக்கொண்டேன்.

மருந்து மரம் பத்தும் பூத்தன. கொத்துகள் நீளாமல் பொத்திய கை மாதிரி இறுக்கமாக இருக்கின்றன, அதையும் எழுதிக்கொள். உச்சியில் காய்ந்து கிடந்த நான்கும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் பூத்தன. என் ஆறும் பச்சைப்பசேலென்று நின்றன, ஒரு பூ இல்லை. மாமா கைத்தடியால் ஆறையும் தொட்டுக் காட்டினார். நான் கீழே பம்புசெட்டில் இருந்தபோது மரம் அறுக்கிறவர் பதினைந்தை அறுத்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். ஏழுக்குப் போய்க்கொண்டிருந்தார். தண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நல்ல மனிதர். "அம்மா, நீங்க எந்திரிச்சா அறுப்பேன். எந்திரிக்கலைன்னா டீ குடிப்பேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். டீ குடித்தார்.

மாமா கத்தினார். நான் கத்தவில்லை. "பூத்ததையெல்லாம் நீங்க பாத்துக்குங்க மாமா. பூக்காத அஞ்சை நான் பாத்துக்கறேன்" என்றேன். மருந்து தெளிக்கிற பம்பின் சாவி என் இடுப்பில் இருந்தது. பூவில் தத்துப்பூச்சி விழுகிற நேரம். கலவை அளவு எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று நாள் காலையிலிருந்து இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். இரண்டாம் நாள் தலையணையும் கொண்டுவந்தார், முதுகுக்கு. அத்தான் போனில், "அப்பாகிட்ட ஏன் மல்லுக்கு நிக்கற?" என்றார். "நிக்கல, உக்காந்துதான் இருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டார், பாவம்.

நான்காம் நாள் காலை மாமா வந்தார். கையில் பூச்சி அரித்த ஒரு பூங்கொத்து.

"அஞ்சு மரத்துக்காகக் கீழ்த் தோட்டத்தையும் சேத்து அம்பது மரத்தைப் பூச்சிக்குக் குடுப்பியா?"

"குடுக்கறது நீங்க மாமா. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"அடங்கவே மாட்டியா?"

"எனக்கு மருந்து ஊத்தலையே மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கிடங்கைப் பதினைந்து நின்ற இடத்தில் சின்னதாகக் கட்டிக்கொள்வாராம். அதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய்ப் பம்பைத் திறந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லா மரத்துக்கும் தெளித்துவிட்டேன்.

பிறகு உன் தாளை எடுத்தேன். பதினைந்துக்கு நேராக இலை எண்ணிக்கை பூஜ்யம். ஆனால் அப்படியே விட்டால் மரம் தானாகச் செத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு உன் தாளில் இடம் இல்லை. ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் வரைந்து, "உயிரோடு இருந்தபோது வெட்டப்பட்டது" என்று எழுதினேன். பக்கத்தில் இன்னொரு கட்டம், "வெட்டச் சொன்னவர்". தாளைக் கூடத்துக்கு எடுத்துப் போய் மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான் பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். அத்தை வாசற்படியில் வந்து நின்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். தேதியோடு. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், சராசரியிடம் காட்டு.

மீதி பத்தொன்பதும் நலம். உன் நலத்துக்கு எழுது.

அக்கா